கையில் வருவது எவ்வளவு

என் மாதச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு, இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ நகரில் நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். சம்பளம் வாங்குகிறவள் நான். அதை வாடகைக்கு இவ்வளவு, கொழும்புக்கு இவ்வளவு என்று பிரிக்கிறவளும் நான். ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு பல்வைத்தியரின் விதவை வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்தேன். அவரைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் அழைப்பேன். வெள்ளி, சனி மாலைகளில் பஸ் பிடித்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய் ஒரு மீன் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில் எனக்கு ஓர் அறை இருந்தது. கணவரும் ஏழு வயது மகளும் கொழும்பில் இருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியார். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பிறகு வேலை இல்லை. நான் வந்து ஐந்து வருடமாகியிருந்தது.

அவர்களைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டதும் குவெஸ்தூராவுக்குப் போனேன். வெளிநாட்டவரின் அனுமதிப் பத்திரங்களைப் பார்க்கிற பொலிஸ் அலுவலகம் அது. இரண்டரை மணித்தியாலம் வரிசையில் நின்று, சம்பளச் சீட்டுகளைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். அதிகாரி அவற்றைத் திருப்பித் தள்ளினார்.

"இது சம்பளம். எனக்கு வேண்டியது வருமானம். வரிப் படிவம் கொண்டு வாருங்கள். இரண்டு பேரை அழைப்பதானால் அதற்கென்று ஒரு தொகை இருக்கிறது, அதற்குக் குறையக் கூடாது."

சம்பளத்துக்கும் வருமானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

அன்றே பல்லரோவுக்குப் போனேன். அங்கே சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். அரிசியும் விற்பார், கடிதமும் எழுதிக் கொடுப்பார், எல்லாம் தெரிந்தவர் என்று பெயர். கணக்குப் பொறியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"தங்கச்சி, நூற்றிலை கிட்டத்தட்ட இருவது அரசாங்கத்துக்குப் போகும். இப்ப சிசிலிக்கெண்டும் தனியா ஒரு வரி புதுசா வந்திருக்கு. அதுவும் போகும். காப்புறுதிக் காசும் போகும். பாரும், மிச்சம் இவ்வளவுதான்."

அவர் காட்டிய தொகையைப் பார்த்தேன். "அண்ணை, நான் மாசம் இதைவிடக் கூடத்தானே வாங்கிறன்."

"அப்பிடியெண்டா அந்தக் கூடினது கறுப்புக் காசு, கணக்கிலை வராது," என்றார், பெரிய நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் திருப்தியோடு.

எனக்கு எரிச்சலாக வந்தது. உணவகத்துச் சம்பளச் சீட்டில் வரி என்று போட்டு ஒரு தொகை கழிந்திருக்கும். சிஞ்ஞோராவும் அப்படித்தான் கழித்துக் கட்டுகிறார் என்று ஐந்து வருடமும் நம்பியிருந்தேன். மறுநாள் அவரிடம் கேட்டேன். அவர் கத்தரிக்காயை உப்புப் போட்டு வைக்கச் சொல்லிக்கொண்டே பதில் சொன்னார்.

"உனக்குக் கையில் தருவது சுத்தமான காசு. மற்றதெல்லாம் என் அண்ணன் மகன் பார்க்கிறான்."

அந்த அண்ணன் மகன் கணக்காளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் சாப்பிட வருவார். நான் அந்த ஞாயிறு லீவு எடுக்காமல் வேலைக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் கேட்டேன். அவர் தோடம்பழத்தை உரித்தபடி, மிக மரியாதையாகச் சொன்னார்.

"வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் வரி கழிப்பதில்லை. அது சட்டம். உங்கள் வரியை நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்."

"ஐந்து வருடமாகவா?"

"ஐந்து வருடமாக. ஆனால் பயப்படாதீர்கள். காகிதத்தில் உங்களுக்கு வாரம் இருபத்துநான்கு மணித்தியாலம்தான். அந்தச் சம்பளத்துக்கு வரி அநேகமாக ஒன்றும் வராது."

நான் வாரம் நாற்பத்தைந்து மணித்தியாலம் அந்த வீட்டில் நின்றேன். மிச்ச இருபத்தொன்றுக்கும் காசு உறையில் வந்தது, காகிதத்தில் வரவில்லை. காகிதத்தில் மணித்தியாலம் குறைந்தால் சிஞ்ஞோரா எனக்காகக் கட்ட வேண்டிய காப்புறுதிக் காசும் குறையும், அவருக்கு லாபம். கணக்காளர் அதை எனக்குச் செய்த உதவியாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. வரி கட்டத் தேவையில்லாத அளவுக்கு நான் ஏழை. அதனால் கணவனையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்திருக்க முடியாத அளவுக்கும் ஏழை.

பிறகு ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இரண்டு வேலைகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது இரண்டும் நீங்கள்தானா?"

"நான்தான்."

"அரசாங்கத்துக்கு இது இரண்டு பெண்கள்."

இத்தாலியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இலக்கம் உண்டு. அதன் முதல் எழுத்துகளைக் குடும்பப் பெயரிலிருந்தும் சொந்தப் பெயரிலிருந்தும் எடுப்பார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயரும் அப்பாவின் பெயரும்தான். சிஞ்ஞோரா வீட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தார்கள். உணவகத்தில் என் பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இரண்டு இலக்கம் வந்துவிட்டது. ஒருத்தி வீடு துடைத்து வரி கட்டாமல் இருந்தாள். மற்றவள் பாத்திரம் கழுவி வரி கட்டினாள்.

அந்தப் பிழையைத் திருத்த வரி அலுவலகத்துக்கு ஆறு தரம் போனேன். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவர் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். திரும்ப மொழிபெயர்த்தேன். ஒரு நாள் போனபோது அந்தப் பகுதி ஊழியர் லீவு. இன்னொரு நாள் அவர் இருந்தார், முத்திரை இல்லை. ஒவ்வொரு தரமும் சிஞ்ஞோராவிடம் அரை நாள் கேட்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விடுவார்.

கடைசியில் இரண்டு பெண்களும் ஒருத்தியானார்கள். தொழிற்சங்கப் பெண் இரண்டு வருமானத்தையும் கூட்டி, நாட்டுக்குரிய வரி, பிராந்தியத்துக்குரிய வரி இரண்டையும் போட்டு, கையில் மிஞ்சுவதைப் பென்சிலால் எழுதிக் காட்டினாள். பிறகு குவெஸ்தூரா கேட்ட தொகையை அதற்கு மேலே எழுதினாள்.

"இன்னும் காணாது. உங்கள் சிஞ்ஞோரா உண்மையான மணித்தியாலத்தை எழுதினால் மட்டும்தான் சரிவரும்."

அந்தப் பேச்சை நான் ஒரு கிழமை வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, பீங்கான்களைத் துடைத்து அடுக்கிவிட்டுக் கேட்டேன். சிஞ்ஞோராவின் கண் கலங்கிவிட்டது.

"உன்னை என் மகள்போல அல்லவா வைத்திருக்கிறேன்."

"உங்கள் மகளுக்கு என்றால் இருபத்துநான்கு மணித்தியாலம் எழுதுவீர்களா, சிஞ்ஞோரா?"

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எழுதாவிட்டால் சட்டப்படி முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். வேறு வேலை ஒன்றும் கையில் இல்லை.

மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. என்ன சமைப்பது என்பதைத் தாளில் எழுதி மேசையில் வைத்தார். நான்காம் நாள், ஞாயிறு இல்லாத ஒரு நாளில், கணக்காளர் வந்தார். கையில் புது ஒப்பந்தம். நாற்பத்தைந்து மணித்தியாலம் எழுதியிருந்தது. ஆனால் உறையில் வந்த காசு நின்றுவிடும், மணிக்கூலியும் கொஞ்சம் குறையும், அத்தைக்குக் காப்புறுதிச் செலவு கூடுகிறதல்லவா என்றார். காகிதத்தில் என் சம்பளம் ஏறியது. கையில் இறங்கியது. அடுத்த வருடம் அதற்கு வரியும் கட்ட வேண்டும். கையெழுத்து வைத்தேன். பேனை தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தினேன்.

அந்த வருமானம் படிவத்தில் ஏற இன்னும் ஒரு வருடம் போக வேண்டும். அதைக் கணவருக்குச் சொல்லத் தொலைபேசி அட்டை வாங்கினேன்.

"ஒரு வருசமோ?" என்றார். பிறகு, "நீர் மொத்தம் எவ்வளவு, கழிவு எவ்வளவு எண்டு விவரமாச் சொல்லும். நான் போட்டுப் பாக்கிறன். அவை எங்கையோ பிழை விட்டிருப்பினம்."

"இஞ்சை எல்லாரும் போட்டுப் பாத்திட்டினம்."

"படிச்ச ஆள் ஒருத்தர் பாத்தவரோ?"

"இஞ்சருங்கோ, நான் ரெண்டு வேலை செய்யிறன், ஆறு தரம் அந்தக் கந்தோருக்குப் போனனான். உங்களுக்குக் கணக்குச் செய்ய ஆசையெண்டா பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அட்டையில் பாதிக் காசு மிச்சம் இருந்தது. வைத்த பிறகுதான் மகளோடு கதைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்தேன். இருவரும் கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

வருடம் முடிந்தது. படிவம் நிரப்பினோம், வரியைத் தபாற்கந்தோரில் கட்டினேன், எல்லாத் தாளையும் ஒரு நீலக் கோப்பில் போட்டுக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். இத்தாலியச் சொற்களைப் பாடமாக்கியிருந்தேன். அதிகாரி ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டினார், ஓர் இடத்தில் விரலை வைத்தார், தலையாட்டினார், முத்திரை குத்தினார். ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இன்னும் ஏதாவது கேளுங்கள் என்று சொல்லத் தோன்றியது.

பங்குனியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மகள் என்னை விமான நிலையத்தில் அடையாளம் கண்டுபிடித்தாள். ஆனால் மூன்று நாளுக்கு என்னை அம்மா என்று கூப்பிடாமல் சுற்றி வளைத்துப் பேசினாள்.

அடுத்த தரம் படிவம் நிரப்பப் போனபோது கணவரும் கூட வந்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நேராக உட்கார்ந்தார். தொழிற்சங்கப் பெண் அவருக்கு வருமானம் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லது, வரி குறையும்," என்று சொல்லி, அவர் பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தில் அடையாளமிட்டு, 'ஆ கரிக்கோ' என்று வாசித்தாள். அப்படியென்றால் என்ன என்று அவர் என்னிடம் தமிழில் கேட்டார்.

"குடும்பம் எண்டு அர்த்தம்," என்றேன்.

அவரிடம் ஒரு சின்ன இத்தாலிய அகராதி இருந்தது. அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அது மேசையில் திறந்தபடி கிடந்தது. 'கரிக்கோ'வுக்கு எதிரே இருந்த சுமை என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"என்னத்துக்குப் பொய் சொன்னனீர்?" என்று கேட்டார். கோபமாக இல்லை.

"எனக்குக் களைப்பா இருந்தது," என்றேன். "சோறு வடிச்சாச்சோ?"

"ஓம்," என்றார். எழுந்து போய் எனக்கும் போட்டுக்கொண்டு வந்தார்.