மாடிப்படிக்கு அடியில் பத்தொன்பது வருடம்

கோர்ட்டு வராந்தாவில் எல்லாரும் அவரை ‘வாய்தா’ என்றுதான் சொல்வார்கள். வழக்கைத் தள்ளிவைத்தால் மனுஷன் முகம் வாட வேண்டுமே? ஊஹூம். அடுத்த தேதியை டைரியில் குறித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு நாள் கிடைத்த மாதிரி சிரிப்பார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஊரான் எழுத்தில் ஒரு ஒற்று விடுபட்டால் கண்டுபிடித்துவிடுவார். தன் புத்தியில் எது விடுபட்டது என்று மட்டும் தெரியவில்லை.

வழக்கு என்ன, சாம்ராஜ்யத்துக்கா? அப்பா விட்டுப்போன வீட்டில் மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் இவருக்கு. மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. மிஞ்சினால் ரெண்டு சைக்கிள் நிற்கும். அதில் ஒருநாள் அண்ணன் தன் சைக்கிளை நிறுத்தினார். அவ்வளவுதான். பத்தொன்பது வருடம்! இடம்கூடப் பெரிதில்லை இவருக்கு. தப்பு அண்ணன் மேல்தான் என்று நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப்போவதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார், வெட்கங்கெட்டவர்.

ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே வீடு ரெண்டு பட்டது; இரு தரப்பு வக்கீல்களும் கேன்டீனில் ஒரே மேசையில் டீ குடித்தார்கள்.

போன மழைக்காலத்தில் அண்ணன் ஈரல் கெட்டுப் படுத்தார். வாய்தாவின் மனைவிதான் மேலே சாப்பாடு கொண்டுபோனாள்.

“கூடப் பிறந்தவரு சாகக் கிடக்குறாரு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்.”

“போனா நான் இறங்கி வந்துட்டேன்னு கேஸ்ல சொல்லுவான். நடிக்கிறான்டி!”

அதோடு விட்டாரா? நோயைச் சொல்லி அண்ணன் அவகாசம் கேட்டபோது, டாக்டர் சர்ட்டிஃபிகேட்டே பொய் என்று ஆட்சேபணை மனு போட்டார். பதினோராம் நாள் அண்ணன் செத்தார். அதற்கு மேல் என்ன சர்ட்டிஃபிகேட் கொடுப்பது?

அப்போதும் மனுஷன் வக்கீலிடம்தான் ஓடினார். எதிராளி செத்தால் அவர் வாரிசை அந்த இடத்தில் சேர்க்க வேண்டும், கெடு தாண்டினால் வழக்கே போய்விடும் என்பது இவருக்கு மனப்பாடம். வக்கீல் புதிது, இந்த வழக்கு தின்ற மூன்றாவது வக்கீல்.

“வாரிசைச் சேர்த்துடுங்க சார். விடக் கூடாது.”

“அவருக்குச் சம்சாரம், பிள்ளைங்க?”

“கட்டிக்கவே இல்லை.”

“அப்பா அம்மா?”

“எப்பவோ போயிட்டாங்க.”

“கூடப் பிறந்தவங்க?”

“நான் ஒருத்தன்தான்,” என்றார் வாய்தா, பெருமையாக.

வக்கீல் பேனாவை மூடினார். “அப்ப அவரு மாடி, சைக்கிள், சண்டை எல்லாமே உங்களுக்குத்தான். உங்க மேல நீங்களே கேஸ் நடத்த முடியாதுங்க.”

“அப்ப தீர்ப்பு?”

“யாருக்கு எதிரா?”

ஆனாலும் வாய்தா குறித்த தேதியில் கோர்ட்டுக்குப் போனார். கழுதை, பழக்கம் விடுமா?

“வழக்குப் போட்டவர்?” என்றார் நீதிபதி, தலை நிமிராமல்.

“நான்தாங்க ஐயா.”

“இறந்தவர் தரப்புல யாரு?”

வக்கீல் வாய்தாவை முழங்கையால் இடித்தார். அவர் மெதுவாக எதிர்ப்பக்கம் போய், அண்ணன் வழக்கமாக நின்ற இடத்தில் நின்றார்.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“தம்பி,” என்றார். “சொந்தத் தம்பிங்க.” சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதார்.

வீட்டில் மொத்தம் பதினாறு படிதான். ஏறிப்போய் அண்ணன் கண்ணெதிரே இந்த அழுகையை அழுதிருக்கக் கூடாதா, பாவி!