பேசினில் தண்ணீர் தெளிவாக இருந்தது

1. வாசல் அடைக்கிற நேரம்

சூளை வாசலில் எட்டு வரிசைச் செங்கல் ஏறியிருந்தது. இன்னும் நாலைந்து வரிசை வைத்தால் வாசல் மூடிவிடும். மேலே களிமண் பூசி, கற்பூரம் காட்டி, ஆறு மணிக்கு நெருப்பு வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஐந்து நாளைக்கு உள்ளே என்ன ஆகிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

அந்த நேரத்தில்தான் நான் என் தண்ணீர்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டுக்குப் பின்னால் கவிழ்த்தேன். தண்ணீர் தெளிவாக ஓடியது. அடியில் கிடந்த சின்னக் கல்லெல்லாம் தெரிந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஒருத்தி ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு என் வேலை என்ன என்று முதலில் சொல்ல வேண்டும்.

2. அடி துடைக்கிற வேலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர் விருத்தாசலம் ஜங்ஷனில் மூட்டை இறக்கினார். எங்கள் ஊரில் பீங்கான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்த காலம் அது. அறுபதுகளின் கடைசியில் ஒரு சின்னத் தனியார் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே டீக் கப்பு செய்தார்கள்.

ஒரு தடவை சுட்ட கப்பை பிஸ்கட் என்போம். அதைக் கிளேஸ் தண்ணீரில், அதாவது சுட்டதும் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சுக் கரைசலில், முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவார்கள். ஒரு பலகைக்குப் பன்னிரண்டு கப்பு. ஈர ஸ்பான்ஜால் ஒவ்வொரு கப்பின் அடியிலும் இருக்கிற கிளேஸைத் துடைத்து எடுப்பதுதான் என் வேலை. துடைக்காமல் விட்டால் சூளைக்குள் கிளேஸ் உருகி, கப்பு சாகரோடு ஒட்டிக்கொள்ளும். சாகர் என்பது கப்புகளை உள்ளே வைத்து அடுக்குகிற நெருப்புமண் பெட்டி. ஒட்டிவிட்டால் கப்பும் போச்சு, சாகரும் போச்சு.

கிளேஸும் வெள்ளை, பிஸ்கட்டும் வெள்ளை. துடைத்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். விரலால் தடவினால் தெரியும். இன்னொரு அடையாளம் பேசின் தண்ணீர். ஒரு பலகை துடைத்து முடித்தால் அது பால் மாதிரி வெளுத்துவிடும்.

துடைக்கிறவர்கள் இரண்டு பேர், நானும் அஞ்சலையும். அவளும் என் வயசுக்காரி, நல்லூர் பக்கத்தில் இருந்து வருவாள். இரண்டு வாரத்துக்கு முந்தின சூளையில் ஒரு பலகைக் கப்பு ஒட்டிப்போயிற்று. அது யார் துடைத்த பலகை என்று தெரியாது. ஆனால் மேஸ்திரி கோவிந்தராசு, அன்று தாமதமாக வந்தவள் அஞ்சலைதான் என்று அவள் மேல் போட்டுவிட்டார். "இன்னொரு தடவ ஒட்டுச்சி, நீ கேட்டுக்கு வெளியதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

3. என் சுபாவம்

என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று ரயில்வே கேட் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவள். ஷெட்டில் எனக்கு "சந்தேக எஸ்தரு" என்றே பெயர்.

அடி துடைத்தேனா என்று சந்தேகம் வந்து, இரண்டு தடவை சூளை வாசலை நிறுத்தியிருக்கிறேன். முதல் தடவை, ஏறின நாலு வரிசைச் செங்கல்லைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாக் கப்பும் சுத்தம். இரண்டாம் தடவை அஞ்சு வரிசை. அப்போதும் சுத்தம். மேஸ்திரி சொன்னார்: "இனிமே சூளை வாசலாண்ட ஒன்ன பாத்தன், அன்னியோட சரி. வூட்ல போயி அடுப்ப பாத்துக்க."

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம் நடத்திய அம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் அழுதேன். "கவலப்படறது அவிசுவாசம், எஸ்தர். பயம் வந்தா ஜெபம் பண்ணு, அது போயிடும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மனதில் எது குத்தினாலும் கண்ணை மூடி, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லி அதை அமுக்கிவிடக் கற்றுக்கொண்டேன். மூன்று மாதம் ஷெட்டில் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. விசுவாசத்தில் வளர்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

4. கேட்டில் வந்த ஆள்

அன்று என் கடைசிப் பலகைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு ஸ்பான்ஜைப் பிழிந்தேன். கேட்டில் இருந்து சத்தம் வந்தது.

"எஸ்தரு! ஸ்கூல்லேர்ந்து ஆளு வந்திருக்குது!"

என் மகள் இரண்டாம் வகுப்பு. ஸ்பான்ஜ் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் அவர்கள் கூப்பிட்டது எஸ்தரை அல்ல, பேக்கிங்கில் இருந்த ஈஸ்வரியை. அவள் பையன் வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டான். வாட்ச்மேன் காதில் ஈஸ்வரி எஸ்தர் ஆகிவிட்டது.

என் பிள்ளை இல்லை என்று ஸ்தோத்திரம் செய்தேன். ஈஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும், இதற்கா ஸ்தோத்திரம் சொன்னோம் என்று வெட்கமாயிற்று. அந்தக் குழப்பத்தோடு வந்து பலகையைத் தூக்கினேன். சூளைக்குள் அடுக்கிக்கொண்டிருந்த கனி பாயிடம் கொடுத்தேன். கனி பாய் மங்கலம்பேட்டைக்காரர். அடுக்குவது, வாசல் கட்டுவது, நெருப்புப் பார்ப்பது எல்லாம் அவர்தான். கடைசிப் பலகை என்பதால் வாசலுக்கு நேரே, மேல் சாகர்களில் வைத்தார்.

அவர் வெளியே வந்து வாசலில் எட்டு வரிசை கட்டுகிற வரைக்கும் காலிப் பலகைகளைக் கழுவி அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் பேசினைக் கவிழ்த்தேன்.

ஷெட்டுக்குப் பின்னால் உடைசல் குவியல் பக்கத்தில் அப்படியே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அந்தக் கப்பு ஒட்டாம பாத்துக்குங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க." மூன்று தடவை சொன்னேன்.

பயம் போகவில்லை. ஆனால் அது வழக்கமான பயம் மாதிரியும் இல்லை. என் வழக்கமான பயம் ஓர் இடத்தில் நிற்காது. கப்பில் தொடங்கி, மகளிடம் போய், வீட்டுக்காரர் முதுகுக்குப் போய், கூரைக்குப் போய் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வரும். இது நகரவில்லை. கடைசிப் பலகை, வாசலுக்கு நேரே, மேல் சாகர். இதையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கனி பாய் கரண்டியால் செங்கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்பதாவது வரிசை.

நான் ஆண்டவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் என் காதில் விழுந்தது. நான் துடைக்காமல் விட்டதை அவர் துடைக்க வேண்டும். நான் வாய் திறக்காமல் இருப்பதற்கு அவர் துணை நிற்க வேண்டும். ஒட்டினால் வெளியே போவது அஞ்சலை. அதையும் "யாருக்கும் ஒண்ணும் ஆகாம" என்கிற ஒரு வார்த்தையில் மூடிவைத்திருந்தேன்.

ஆமென் சொல்லாமலே எழுந்தேன்.

5. பத்தாவது வரிசை

"மேஸ்திரி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வந்துட்டியா? இன்னும் காணமேன்னு பாத்துக்கினு இருந்தன். இன்னிக்கி என்னா சந்தேகம்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"கடைசிப் பலக நான் தொடைக்கலீங்க."

"போன தடவயும் இதத்தான சொன்ன? பிரிச்சிப் பாத்தமா இல்லியா? ஒரு கப்புல ஒரு பொட்டு இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னா?"

"போன தடவ பயமா இருந்துச்சிங்க. இன்னிக்கி தண்ணி தெளிவா இருந்துச்சிங்க."

கனி பாய் கையில் இருந்த செங்கல்லை வைக்காமல் நிறுத்தினார். "எந்தத் தண்ணிம்மா? பேசின் தண்ணியா?"

"ஆமாம் பாய். கவுத்தப்ப அடியில கல்லு தெரிஞ்சிச்சி."

"பன்னண்டு கப்பு தொடச்ச தண்ணியில கல்லு தெரியாது மேஸ்திரி" என்றார் பாய்.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம் காத்திருந்தார். "பிரிக்கிறன். ஒண்ணும் இல்லன்னு வெச்சிக்க, இப்பிடியே பையத் தூக்கிக்கினு கெளம்பிடணும். சரியா?"

"சரிங்க" என்றேன். சொன்னது என் குரல்தானா என்று இருந்தது.

ஈர மண் காயவில்லை. செங்கல் சுலபமாக வந்தது. பாய் மேல் சாகரை இறக்கினார். மேஸ்திரி ஒரு கப்பைக் கவிழ்த்துக் கட்டைவிரலால் அடியைத் தேய்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்றும் இல்லை. இன்னொரு கப்பு. அதிலும் ஒன்றும் இல்லை.

"போதுமா?"

யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே அழுதுகொண்டு ஓடியிருப்பேன். அது என் பலகைக்குப் பிறகு அஞ்சலை துடைத்துக் கொடுத்த கப்பாக இருக்கலாம் என்று தோன்றியது.

"அதுக்குக் கீழ இருக்கறதுங்க."

"அடியம்மா! சூளையவே பேத்துப் போடச் சொல்லுவ போலிருக்குது!"

ஆனாலும் பாய் அடுத்த சாகரை இறக்கினார். மேஸ்திரி கப்பை எடுத்துத் தேய்த்தார். பிறகு கட்டைவிரலைத் திருப்பினார். விபூதியைத் தொட்ட மாதிரி வெள்ளை.

அந்தச் சாகரில் ஆறு, அதற்குக் கீழே இருந்ததில் ஆறு. பன்னிரண்டும் என்னுடையது. சூளை வாசலிலேயே பேசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்து துடைத்தேன். மூன்றாவது கப்பிலேயே தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது.

மேஸ்திரி என்னைப் பாராட்டவில்லை. பாராட்டவும் கூடாது. "ஒரு மாசம் தொடைக்கிற பக்கமே வராத. களிமண் மிதிக்கப் போ" என்றார். ஆறரை மணிக்கு நெருப்பு வைத்தார்கள்.

6. அஞ்சலையின் கேள்வி

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். குழாயடியில் கை கழுவும்போது அஞ்சலை வந்து நின்றாள்.

"போன சூளையில ஒட்டுனதும் ஒன்னோடதா?"

இதற்குச் சாட்சி சொல்ல ஒரு பேசின் தண்ணீரும் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தெரியல அஞ்சல. அன்னிக்கி நான் தண்ணியப் பாக்கல. என்னோடதாவும் இருக்கலாம்."

"ரெண்டு வாரமா அந்தாளுகிட்ட பேச்சு வாங்கறன். பொழுதுக்கும் கண்ண மூடி மொணமொணன்னு ஜெபம் பண்றியே, அப்ப இது தோணலியா ஒனக்கு?"

அவள் போய்விட்டாள். அந்தக் கேள்வியைப் போல ஒரு பிரசங்கம் நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் போய் அதையும் சொன்னேன். "ஏம்மா, சுட்டு முடிச்ச சூளையையுமா இப்ப பிரிக்கணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், "அஞ்சல, அன்னிக்கிச் சொன்னத வுட்டுடு. அது ஒன்னோடதுன்னு சொல்ல முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே "சரிங்க" என்றாள்.

சூளை திறக்கிற வரைக்கும் அந்த ஐந்து நாளும் பயந்துகொண்டுதான் இருந்தேன். வேறு பலகை ஏதாவது விட்டிருப்பேனோ என்று. திறந்தார்கள். ஒரு கப்பும் ஒட்டவில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் எந்தத் தண்ணீரும் இல்லை, வெறும் பயம்தான்.

இன்றைக்குப் பெண்கள் கூட்டத்தில் யாராவது, "எனக்குப் பயமா இருக்குதுக்கா, விசுவாசம் இல்லாதவளா நானு?" என்று கேட்டால், நான் கண்டித்துப் பேசுவதில்லை. அந்தப் பயம் என்ன சொல்கிறது என்று கேட்கிறேன். என்ன ஆகுமோ, யார் என்ன நினைப்பார்களோ என்று ஊரெல்லாம் சுற்றுகிறதா? அப்படியானால் அதை அவர் பாதத்தில் வைத்துவிட்டு உலையைப் பார். எந்தப் பலகை, எந்த ஆள், எந்த வார்த்தை என்று ஒரே இடத்தைக் காட்டுகிறதா? அப்படியானால் அதை ஜெபத்தால் அமுக்காதே. எழுந்து போ. வாசல் அடைப்பதற்குள் போ. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கும் இன்னும் முழுசாக வரவில்லை. தப்பாகவும் போய் நின்றிருக்கிறேன். சிரித்தார்கள். சிரிப்போடு போயிற்று.

ஒரு மாதம் களிமண் மிதித்துவிட்டுத் துடைக்கிற இடத்துக்குத் திரும்பினேன். அஞ்சலை பக்கத்தில் தன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் பலகை முடிந்தது. பேசினைத் தூக்கினேன்.

"கவுக்காத" என்றாள். "இங்க காட்டு."

கொண்டுபோய்க் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய பேசினை என் பக்கம் நகர்த்தினாள். நானும் பார்த்தேன்.

"பாலு மாதிரி இருக்குது" என்றாள். "போயி ஊத்து."

அந்த ஷெட்டில் நாங்கள் இருந்த வரைக்கும், ஒருத்தி பார்க்காமல் இன்னொருத்தி தண்ணீரைக் கவிழ்த்ததில்லை.