வால் வெட்டாத கேசட்

1. படத்தை நிறுத்தச் சொன்னார்கள்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆபரேட்டர் பாண்டி கேபினிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டான். "அண்ணே, செத்த உள்ள வாங்கண்ணே. படத்தை நிப்பாட்டச் சொல்லிக் கத்துறாய்ங்க."

திண்டுக்கல்லில் அந்தத் தியேட்டரில் நான் பதினேழு வருடம் மேனேஜர். ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கி இருந்தது. ஏசி ஓடவில்லை என்று கத்தியிருக்கிறார்கள், இடைவேளை பாப்கார்ன் நமுத்துப்போனதற்குக் கத்தியிருக்கிறார்கள், ஹீரோ செத்துப்போனதற்கு ஸ்கிரீனில் செருப்பே வீசியிருக்கிறார்கள். ஒரு ரோபோ பேசிய தமிழுக்காகக் கத்தி அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்க் கேபிளில் ஒரு வெளிநாட்டு ரோபோ கார்ட்டூன் நம்மூர்த் தமிழ் பேசி ஓடியது. அதையே இப்போது நிஜ ஆட்களையும் கிராபிக்ஸையும் வைத்துப் பெரிய படமாக எடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கார்ட்டூன் பார்த்த பொடிசுகள் எல்லாம் முன் வழுக்கையோடு, பெண்டாட்டி பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் உள்ளே போனபோது சத்தம் அடங்கவில்லை. ரோபோ பாலத்திலிருந்து விழுந்து கிடக்கிறது. கூடவே வரும் சிறுமி அழுகிறாள். ரோபோ கண்ணைத் திறந்து, "கலங்காதே சிறுமியே. நான் மீண்டும் எழுவேன்" என்றதாம். அதற்குத்தான் இந்தக் கூப்பாடு. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். மடியிலிருந்த மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அடித்தொண்டையில் குரலைக் கட்டிச் சொன்னார்.

"அழுகாத கண்ணு. செத்த நேரம் இரு, எந்திரிச்சு வாரேன்."

தியேட்டரே மொத்தமாக அதைத் திரும்பச் சொன்னது. அந்த வரியைப் பேசிய ஆளை எனக்குத் தெரியும். அவர் பேசும்போது ரெக்கார்ட் பட்டனை அழுத்தியவன் நான்.

2. எண்ணெய் டின்

தியேட்டருக்கு வருவதற்கு முன்னால் நான் கேபிள் ஆபீசில் இருந்தேன். மாடியில் ஒரே அறை. இரண்டு விசிஆர், ஒரு சின்ன மிக்சர், ஒரு மைக். முதலாளி எங்கிருந்தோ அந்த ரோபோ கேசட்டுகளைக் கொண்டுவந்தார். பாஷை ஒரு எழுத்து புரியவில்லை. "தமிழ்ல பேசிவிடுங்கலே, பிள்ளைக பார்க்கட்டும்" என்றார். அனுமதி வாங்க வேண்டும் என்ற பேச்சே எங்கள் ஆபீசுக்குள் வந்ததில்லை.

பேசியவர் சிக்கந்தர் அண்ணன். பேகம்பூர்க்காரர், பகலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, சாயங்காலம் கேபிளுக்குச் சந்தா வசூல். மைக் வைத்து விளம்பரம் சொல்லிப் பழகிய குரல். ஒரு விசிஆரில் ஒரிஜினல் ஓடும், இன்னொன்றில் நகல் ஏறும். ஒரிஜினல் சத்தத்தை இறக்கிவிட்டு மைக்கை ஏற்றுவேன். அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பேசுவார். ரோபோவுக்கு இரும்பண்ணன் என்று பெயர் வைத்தார். இரும்புக் குரல் வேண்டுமே என்று காலி எண்ணெய் டின்னுக்குள் முகத்தை விட்டுப் பேசுவார். டின்னில் கடலை எண்ணெய் வாடை போகாது. பேசி முடித்து நிமிர்ந்தால் தாடியெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். "இந்த ரோபோவுக்குத் தாளிச்சுக் கொட்டினாத்தான் பேச்சு வரும்போல" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு எபிசோடிலும் இரும்பண்ணன் ஒருமுறை விழுவான். ஒவ்வொரு முறையும் அண்ணன் அதே வரியைச் சொல்வார். எங்கே பிடித்தார் அந்த வரியை என்று நான் கேட்டதே இல்லை.

எங்கள் தொழிலில் 'வால்' என்று ஒன்று உண்டு. எபிசோட் முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருக்கும். இருமல், டீ கிளாஸ் சத்தம், பேச்சு எல்லாம் அதில் ஏறிவிடும். அதன் மேல் வெறுமையை ஏற்றி அழிப்பதற்குப் பெயர் வால் வெட்டுவது. முதலாளி படியேறும்போதே "ஏலே, வாலை வெட்டுனியா?" என்பார். ஒருமுறை வெட்டாமல் விட்டு, அண்ணன் முதலாளியின் வழுக்கையைப் பற்றிச் சொன்னது ஊர் பூராவும் ஒளிபரப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வெட்டாமல் விட்ட வால் கிடையாது. ஒன்றைத் தவிர.

தொடர் முடிந்த சில மாதங்களில், வத்தலக்குண்டு போன பஸ் கவிழ்ந்ததில் சிக்கந்தர் அண்ணன் இறந்துபோனார். கைக்குழந்தை ஒன்று இருந்தது. ஜனாசா அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய நான், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் போகாமலே இருந்துவிட்டேன்.

3. சத்தத்தை இறக்கினோம்

காட்சி முடிந்ததும் ஒரு கூட்டம் என் அறைக்கு வந்துவிட்டது. இரும்பண்ணனுக்குத் தொப்பை எங்கே என்றார் ஒருவர். கண் மஞ்சளாக அல்லவா எரியும், இதில் நீலமாக எரிகிறதே என்றார் இன்னொருவர். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒருவர், "ஏனுங்க மேனேஜர், இம்புட்டுக் காசு போட்டு எடுத்தவங்க அந்தப் பழைய கேசட்டை ஒருக்கா கேட்டிருக்கக் கூடாதுங்களா?" என்று என்னவோ நானே படம் எடுத்த மாதிரி கேட்டார். எங்கள் மாடி அறையில் நடந்த கூத்து எடுத்தவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்களுக்கோ அதுதான் ஒரிஜினல். அவர்களோடு வந்த பிள்ளைகள் படம் சூப்பர் என்றன. அது அப்பன்மார்களுக்கு இன்னும் எரிச்சல்.

பின்வரிசையில் எழுந்து நின்றவர் வேடசந்தூர் மில்லில் பிட்டர். அவர் கத்தவில்லை. "சார், நான் குறை சொல்ல வரல. அந்தக் குரலை எம்மகளுக்குக் கேக்க வைக்கலாம்னு லீவு போட்டு வந்தேன். பழசு எங்கயாச்சும் இருக்குமா சார்?"

இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர் இன்னொன்று கேட்டார். நாளைக்கு எல்லாரும் திரும்ப வருகிறோம், அந்த ஒரு வரிக்கு மட்டும் சத்தத்தை இறக்குங்கள், நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றார். மேனேஜர் செய்யக்கூடாத காரியம். டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். பாண்டியிடம் "கைதவறிப் பட்டுருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

சனிக்கிழமை மேட்னி முக்கால் தியேட்டர் நிறைந்துவிட்டது. போனில் குரூப் வைத்து எரியோடு, நத்தம் என்று ஆள் திரட்டியிருந்தார்கள். ரோபோ பாலத்திலிருந்து விழுந்ததும் பாண்டி சத்தத்தை இறக்கினான். உதடு மட்டும் அசைந்தது. முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

காட்சி விட்டதும் ஒரு பெண் என் அறை வாசலில் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வத்தலக்குண்டில் ஒரு லேபில் டெக்னீஷியன், பெயர் பர்வீன் என்றாள். சிக்கந்தரின் மகள் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். குரூப்பில் யாரோ, அந்தக் காலக் கேபிள்காரர்தான் இந்தத் தியேட்டர் மேனேஜர் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்திருக்கிறாள்.

அவள் உட்காரவில்லை. "சார், உள்ள இருந்த அம்புட்டுப் பேருக்கும் எங்க அத்தா குரல் தெரியுது. எப்படி இழுத்துப் பேசுவாங்க, எங்க நிப்பாட்டுவாங்க, எல்லாம் தெரியுது. எனக்குத் தெரியல சார். வீட்டுல ரெண்டு போட்டோ இருக்கு, அம்புட்டுத்தான். ஒரே ஒரு தடவை கேக்கணும்."

4. என் கல்யாணம்

இதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கேசட் தட்டுப்பாடான காலம். கல்யாண வீடியோவும் நாங்களே எடுத்தோம். நகல் கேட்டு வருகிறவர்களுக்கு, ஓடி முடிந்த இரும்பண்ணன் கேசட்டுகளின் மேல்தான் ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எல்லாம் போயிற்று. கார்ட்டூன்தானே என்று நினைத்தேன். கடைசி எபிசோட் இருந்த கேசட்டில் என் சொந்தக் கல்யாணத்தையே ஏற்றினேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு, நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பரவால்லதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி ஜெயாவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "ஏங்க, நம்ம கல்யாணக் கேசட்டுல பந்தி முடிஞ்சதும் அந்த ரோபோ வருமே" என்றாள்.

மூன்று மணி நேரக் கேசட், எபிசோடுகளை வரிசையாக ஏற்றியது, கடைசி எபிசோட் கடைசிப் பக்கம். எங்கள் கல்யாணம் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்சத்தில் பழையது அப்படியே இருக்கும். நான் ஒருநாளும் என் கல்யாணத்தைக் கடைசிவரை பார்த்ததில்லை. ஜெயாவும் அவள் தங்கச்சிகளும்தான் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள். நியாயம்தான்.

பரணிலிருந்து எடுத்தால் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே விசிஆரில் போட்டால் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். திருகாணியைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அடி அடியாகத் துடைத்துக் கையாலேயே கடைசிவரை சுற்றினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஓரிடத்தில் டேப் மடங்கிக் கசங்கியிருந்தது. அந்த இடத்தை வெட்டி ஒட்டினால் கல்யாணத்தில் கொஞ்சம் போகும். ஜெயாவைப் பார்த்தேன். "தாலிதான் கட்டியாச்சே, வெட்டுங்க" என்றாள்.

5. வால்

புதன்கிழமை பர்வீனை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒருதடவைதான் ஓடும் என்று வைத்துக்கொள், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் போனில் ரெக்கார்டரைப் போட்டு டிவி பக்கத்தில் வைத்தாள்.

பந்தி முடிந்தது. கோடு கோடாக ஓடி, இரும்பண்ணன் வந்தான். கடைசி எபிசோடின் கடைசி நிமிடங்கள். டின்னுக்குள்ளிருந்து சிக்கந்தர் அண்ணன் பேசினார். விழுந்தார், அந்த வரியைச் சொன்னார், எழுந்தார். பர்வீன் அசையாமல் கேட்டாள். அவள் முகத்தில் எதுவும் வரவில்லை. எனக்குப் புரிந்தது. அது டின்னின் குரல். ஊருக்குத் தெரிந்த குரல்.

படம் முடிந்து திரை கருத்தது. நிறுத்தக் கையை நீட்டினேன். கேபிள் காலத்துப் பழக்கம், முடிந்ததும் கை தானாகப் போகும். "இருக்கட்டும் மாமா" என்றாள். அதுவரை சார் என்று சொன்னவள்.

டங்கென்று டின்னைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் படிக்கட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. ஒரு பெண் குரல், ஊசி போட்டதிலிருந்து அழுகையை நிறுத்தவில்லை என்கிறது. எனக்கு அந்த நாள் துளிகூட நினைவில் இல்லை. அடுத்த வாரம் கல்யாணம் என்ற பரபரப்பில் இருந்திருப்பேன், அதனால்தான் வாலையும் வெட்டவில்லை. பிறகு டின் இல்லாமல், மைக்கை விட்டுத் தள்ளி நின்று, சாதாரணமாக, லேசாகக் கரகரத்து அந்தக் குரல் வந்தது.

"அழுகாத கண்ணு. செத்த நேரம் இரு, அத்தா வாரேன்."

குழந்தையின் அழுகை தேம்பலாகக் குறைந்தது. உடனே என் குரல், எரிச்சலாக: "அண்ணே, டேப் ஓடுது." அத்தோடு நின்றுவிட்டது.

பர்வீன் போனில் அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டினாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஜெயா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். ஊரே சொல்லிக்கொண்டு திரிந்த வரி இவளுடையது. இவளைத் தவிர எல்லாருக்கும் கொடுத்திருந்தோம்.

இப்போது எடிட்டிங் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் எவ்வளவு சுத்தமாக வெட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன். மூச்சு, இருமல் எதுவும் மிஞ்சுவதில்லை. நல்ல வேலைதான், நானும் அதைத்தான் செய்தேன். வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்னால் வாலை ஒருதடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். நான் வெட்டிய வால்களில் யார் யாருடைய என்னென்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

வியாழக்கிழமை மேட்னிதான் படத்துக்குக் கடைசிக் காட்சி. கூட்டம் வடிந்து முப்பது பேர் இருந்தார்கள். மில் பிட்டர் மகளோடு வந்திருந்தார். பர்வீன் கதவோரம் கடைசி இருக்கையில் இருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். இரும்பண்ணன் விழுந்தான். பாண்டி சத்தத்தை இறக்கினான்.

"அழுகாத கண்ணு. செத்த நேரம் இரு, எந்திரிச்சு வாரேன்" என்று முப்பது பேரும் சொன்னார்கள்.

பர்வீன் அவர்களோடு சேர்ந்து சொல்லவில்லை. எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்:

"சரி அத்தா."