ஏலத்துக்கு வராத அலைகள்

அலைவரிசை அலுவலகத்தில் அவருக்கு ‘வாய்தா’ என்று பட்டப்பெயர். யார் விண்ணப்பத்தோடு வந்தாலும் “அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்” என்பார். வானொலி நிலையமோ, கைபேசி நிறுவனமோ, டாக்சிக் கம்பெனியோ, காற்றில் எந்த இடம் யாருக்கு என்று விண்ணப்பங்களைப் படித்துத் தீர்மானிப்பது அவர் வேலை. ஒருவர் அலைமேல் இன்னொருவர் அலை ஏறினால் இருவருக்கும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே அவர் கையெழுத்து இல்லாமல் காற்றில் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. அவர் அறை வாசலில் எப்போதும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் காத்திருப்பார்கள். அந்த வரிசையைப் பார்த்தபடி தேநீர் குடிப்பதில் அவருக்குத் தனி ருசி.

அதில் மண்ணைப் போட்டவள் வேறு யாருமில்லை, மனைவியின் தங்கை. பொருளாதாரம் படித்துவிட்டு அதே அலுவலகத்துக்கு வந்தவள்.

“யாருக்குத் தகுதின்னு நாம எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்? ஏலம் விடலாம். யாருக்கு நிஜமாவே வேணுமோ அவங்க விலை சொல்லட்டும்” என்று மேலதிகாரிகளிடம் பேசி ஒப்புதலும் வாங்கிவிட்டாள்.

கோட்டுக்காரர்கள் அவள் அறைக்கு இடம் மாறினார்கள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? மாமனார் சின்ன மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மனைவி பரிமாறும்போதெல்லாம் தங்கை புராணம்தான். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏலத்துக்கு முன் தங்கை ஏல அறிவிப்பின் வரைவோடு வந்தாள்.

“அத்தான், ஆரம்ப விலை சரியா இருக்கா? கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்ததுமே தெரிந்தது, விலை மிக அதிகம். புதிய கோபுரங்களுக்கு வாங்கிய கடனில் மூச்சுத் திணறுவதாகக் கைபேசிக்காரர்கள் அவர் எதிரே உட்கார்ந்தே புலம்பியிருக்கிறார்கள்.

“நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏலம் கணினியில் நடந்தது. முதல் சுற்றில் ஒருவரும் விலை கேட்கவில்லை. அடுத்ததிலும் அதே கதை. மாலையில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அன்று அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“என்னங்க, லாட்டரி விழுந்த மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“பசிக்குது. சாப்பிடக் கூடாதா?”

மறுநாள் தங்கை அவர் அறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல அத்தான்?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். “தெரியும்” என்று வந்துவிட்டது.

“அக்காகிட்ட சொல்ல மாட்டேன். இப்பவாவது சொல்லுங்க, எவ்வளவு குறைக்கணும்?”

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். இதற்கு என்ன செய்வது? அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்து விலையைத் திருத்தினார்கள். எழும்போது அவர் முறைப்பாகச் சொன்னார்:

“ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கப்பல்... இவங்கள மட்டும் ஏலத்துல இழுக்காத. நெருப்புக்குள்ள நிக்கிறவன் விலையா கேட்டுட்டு இருப்பான்?”

“இழுக்கல. அதெல்லாம் பழையபடி நீங்களே பாத்துக் குடுங்க.”

மறு ஏலத்தில் விலை சுற்றுக்குச் சுற்று ஏறி, எல்லா அலைவரிசைகளும் விற்றுப்போயின. நிருபர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எங்க அத்தான் உதவி இல்லன்னா நடந்திருக்காது” என்று அவள் அவரை நோக்கிக் கை காட்டினாள். அவர் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு கேமராகூட அவர் பக்கம் திரும்பவில்லை. வயிறு மறுபடியும் எரிந்தது.

அன்று மாலை மாமனார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பாத்தீங்களா மாப்ள, என் பொண்ண?”

“பாத்தேன் மாமா” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லாதான் செஞ்சா” என்றும் சொல்லிவைத்தார்.