பாதி விலங்கியல்

விலங்கியல் பாடநூலின் பின்பாதி மட்டும் என்னிடம் இருந்தது. முன்னட்டை கிடையாது. ஒரு பாடத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கும் புத்தகம். முதுகுப் பக்கத்தில் தையல் நூல் அறுந்து தொங்கும். முன்பாதி அதே அறையில், என் பாய்க்கு எதிர்ப்பக்கம், அக்காவின் தலையணைக்கு அடியில் கிடந்தது. உடலியல் முழுக்க அவளிடம். நோய்த்தடுப்பு, மரபியல், பரிணாமம் எல்லாம் என்னிடம்.

எர்ணாவூரில் அரசு வாரியம் கட்டிக்கொடுத்த மாடிக் குடியிருப்பில் எங்கள் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி வரும். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் மூடிவைத்தாலும் நாற்றம் வரும். அப்பாவுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது மருத்துவப் படிப்புக்கான கட்-ஆஃப் அவளுக்கு மயிரிழையில் தவறியது. தவறவிட்டவர்கள் மறுவருடம் அதே பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அப்போது இருந்தது. இம்ப்ரூவ்மென்ட் என்பார்கள். நுழைவுத் தேர்வையும் இன்னொரு முறை எழுதலாம். அக்கா எந்தக் கல்லூரியிலும் சேராமல் வீட்டில் உட்கார்ந்தாள். அதே ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தேன். நானும் உயிரியல்தான் எடுத்திருந்தேன். டாக்டராக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அதுவரை அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அந்த ஜூன் மாதத்திலிருந்து நிறுத்திவிட்டாள். நான் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் லாரி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள், "இன்னாமா, காலேஜ் போவலியா?" என்று கேட்பார்கள் என்பதற்காகக் குடத்தைத் தொடுவதையும் விட்டாள். எல்லாக் குடங்களும் என் இடுப்புக்கு வந்தன. அப்பாவோ இரண்டு லாட்டரிச் சீட்டு வாங்கிவைத்தவர் போல இருந்தார். ரெண்டு பேருல ஒருத்தி டாக்டரானா போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் தங்கையைப் பார்க்கிற எதுவும் இருக்காது.

பள்ளியில் புத்தகம் வாங்குகிறவர்கள் பெயர் கொடுத்தபோது அப்பா என் பெயரைக் கொடுக்க விடவில்லை. அக்காவின் புத்தகங்கள் வீட்டிலேயே இருக்கின்றனவே என்றார். மற்றப் பாடங்களை எப்படியோ சமாளித்தோம். விலங்கியலில் அது நடக்கவில்லை. நான் எடுக்கப் போகும் நேரம் பார்த்து அவளுக்கு அது தேவைப்படும். காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒருநாள் இருவரும் புத்தகத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு இழுத்தோம். அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கி ரத்தம் வந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்தாள். புத்தகத்தைப் பிடுங்கி நடுவில் விரித்து, முழங்காலில் வைத்து மடக்கி, இரண்டாகக் கிழித்தாள்.

"இந்தா, ஆளுக்குப் பாதி. இனிமே எவ வாயத் தொறந்தாலும் ரெண்டையும் அடுப்புல போட்டுடுவேன்."

அம்மா அதை நியாயம் என்று நினைத்தாள். அக்கா ஏற்கெனவே ஒரு வருடம் முழுப் புத்தகத்தையும் படித்து எழுதியவள், நான் இப்போதுதான் தொடங்குகிறேன் என்பதை எப்படிச் சொல்லியும் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. படிக்காத அம்மாவுக்குப் பாதி என்றால் பாதி. அக்காவுக்குப் புரிந்தது. முன்பாதியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மாற்றிக்கொள்ளலாமா என்று நான் எத்தனை முறை கேட்டும் அவள் மசியவில்லை. பள்ளியில் யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே புத்தகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவே தரமாட்டேன் என்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா உரக்கப் படிப்பவள். சாயங்காலம் ஆனால் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பத்தியையும் ராகம் போட்டு ஒப்பிப்பாள். நான் என் பாதியை மடியில் விரித்துவைத்துக்கொண்டு காதை அந்தப் பக்கம் கொடுப்பேன். சிறுநீரகமும் இதயமும் மூளையும் அப்படித்தான் எனக்கு வந்தன. படம் இல்லாத உடம்பு. எது எங்கே இருக்கிறது என்று என் வயிற்றையும் விலாவையும் தொட்டுப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். வகுப்பில் டீச்சர் வேகமாகச் சொல்லிப் போனதை அக்காவின் குரல் நிதானமாக நிரப்பியது. அவளை வெறுத்துக்கொண்டே அவள் வாயிலிருந்து விழுந்ததை எல்லாம் பொறுக்கினேன்.

அரையாண்டுத் தேர்வில் கணையம் பற்றிய கேள்வி வந்தது. கடகடவென்று எழுதினேன். ஆல்ஃபா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன, பீட்டா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தினார். இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன் என்றார். அது மட்டுமல்ல, உடலியல் பகுதியில் நான் எழுதிய பல விடைகளில் ஏதாவது ஒன்று இப்படித் திரும்பியிருந்தது. சிரைக்குத் தமனி, முன்னுக்குப் பின். டாக்டராகி யாரைக் கொல்லப் போகிறாய் என்று அவர் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். தலையணையைத் தூக்கி முன்பாதியை எடுத்துப் புரட்டினேன். பீட்டா செல்கள், இன்சுலின். அடிக்கோடு போட்டு, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஈரத் தலையோடு வெளியே வந்தவள் என் கையில் புத்தகத்தைப் பார்த்து நின்றாள். நான் கத்தவில்லை. ஏன் மாற்றிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஒட்டுக் கேட்டுகினு இருந்தல்ல? நான் உனக்கா சொன்னேன்?" என்றாள். பிறகு துண்டை உதறிக் கொடியில் போட்டபடியே, "என் எடத்துக்கு வந்துகினு கீற நீ. வுட்ருவேனா?" என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன். பேசினால் அடுப்பில் போடுவேன் என்றுதானே சொன்னேன், மறுபடி ஆரம்பிக்காதே என்றாள். அதன் பிறகு வெட்கத்தை விட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோழி ஒருத்தியின் புத்தகத்தை வாங்கி, சாப்பிடாமல் உட்கார்ந்து, காதில் ஏறியிருந்த ஒவ்வொரு வரியையும் எடுத்துச் சரிபார்த்தேன். புதிதாகப் படிப்பதைவிட, தவறாகப் படிந்ததைத் தேய்த்து எடுப்பதற்கு அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. சாயங்காலங்களில் அவள் ஒப்பிக்கத் தொடங்கியதும் நான் என் பாதியை அவளுக்கு மேல் சத்தமாகப் படித்தேன். அவள் குரலை ஏற்றினாள், நானும் ஏற்றினேன். கீழ்வீட்டுக்காரர் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிக்கும்வரை இது நடக்கும். அந்த வருடம் முடிவதற்குள் எங்களுக்குள் இருந்த பேச்சு அடியோடு நின்றுபோயிற்று.

அவளுக்குச் சீட்டுக் கிடைத்தது. தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. எனக்குக் கிடைக்கவில்லை. உயிரியலில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. என்னைக் கவிழ்த்தது இயற்பியல். ஆகவே சீட்டுப் போனதை அவள்மேல் போட எனக்கு வழியில்லை. போட முடிந்திருந்தால் ஒருவேளை என்றாவது மன்னித்திருப்பேன். நானும் இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிறேன் என்றபோது அப்பா, வூட்டுக்கு ஒரு டாக்டர் போதும் என்று முடித்துவிட்டார். அக்கா பெட்டி கட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கலாம். அன்று அவர் அவள் சொன்னால் எதையும் கேட்டிருப்பார்.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன். பல வருடங்களாகத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். கணையம் வரும்போது கரும்பலகையில் எழுதிவிட்டு ஒருமுறை புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறாள். நல்ல டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாணங்களிலும் சாவு வீடுகளிலும் பார்த்துக்கொள்கிறோம். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச்சு வளராது.

சென்ற ஆண்டு ஒருநாள் அவளே போன் செய்தாள். அவளுடைய பெண் பன்னிரண்டாம் வகுப்பு. நீட் எழுத வேண்டும், உயிரியலில் தடுமாறுகிறாள், உன்னிடம் படித்தவர்கள் நன்றாகச் செய்கிறார்களாமே, ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். குரலில் அதிகாரம் இல்லை. இத்தனை வருடங்களில் அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டது அதுதான் முதல்முறை.

"அனுப்பு. நான் சொல்லிக் குடுக்கறத நம்புவியா நீ?" என்றேன்.

மறுமுனையில் கிளினிக்கில் ஏதோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் வரவில்லை. அண்ணா நகரில் ஏதோ கோச்சிங் சென்டரில் சேர்த்திருப்பதாகப் பிறகு அம்மா சொன்னாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருகிறாளாம், பாவம் என்றாள். நான் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தையும் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.