ஒரு தம்ளர் பாலும் ஒரு தப்பான வார்த்தையும்

ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதம் நடந்தது இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு இறங்கி வயல் வழியே நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊரில் நான் அரசாங்கத் திட்டங்களை வீடு வீடாகக் கொண்டுபோகிற கிராம சேவிகை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டோடு திரிந்ததால் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. நாட்டையே நான்தான் தூக்கி நிறுத்தப்போகிறேன் என்ற நினைப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

அந்தச் சமயத்தில் பிளாக் ஆபீஸிலிருந்து பால் பவுடர் டின்கள் வந்து இறங்கின. வெளிநாட்டு உதவி என்றார்கள். பால் ஒரு நாட்டிலிருந்து வந்தது, டின்களை இறக்கிய ஜீப் இன்னொரு நாடு கொடுத்தது, மேற்பார்வைக்கு வரப்போகிற அம்மா மூன்றாவது ஒரு நாடு. இதில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று எனக்கு முதல் நாளே தலை சுற்றியது. கூடவே இங்கிலீஷில் ஒரு சர்க்குலரும் வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வரிக்கு வரி தமிழில் எழுதினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தம்ளர் ஊற்ற வேண்டும்; அதிகாரி கண் முன்னாலேயே குடித்து முடிக்க வேண்டும்; வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. எழுதியதை நானே மெச்சிக்கொண்டு, ஊரில் தமுக்கு அடிக்கிற தலையாரியிடம் படித்துக் காட்டினேன். "இப்படியேவா சொல்லணும்?" என்று கேட்டார். ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் தெருத்தெருவாகத் தமுக்கு அடித்துச் சொன்னது இதுதான்: "நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல வச்சு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் ஊத்தப் போறாக. ஆபீசர் முன்னாலதான் ஊத்துவாக. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது."

மறுநாள் அண்டா நிறையப் பாலைக் கரைத்து, காய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளும் வரவில்லை. பத்து மணிக்கு அந்த வெளிநாட்டு அம்மா வந்துவிடுவார். பிள்ளைகள் இல்லையென்றால் டின்கள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று பிளாக் அதிகாரி பி.டி.ஓ. முன்பே எச்சரித்திருந்தார். குடையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினேன்.

என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்த அக்காள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ படிச்ச பிள்ளைதானா? சாகக் கிடக்கவுக வாயிலல்லா பால் ஊத்துவாக. பிள்ளைகளுக்கு ஊத்துதோம்னு தமுக்கு அடிச்சா, எந்தத் தாய் அனுப்புவா?"

தென்காசியில் பிறந்து வளர்ந்தவள் நான். எத்தனை சாவு வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷ் காகிதம் கையில் இருந்ததால் என் சொந்த மொழி எனக்கு மறந்துபோயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீடு வீடாகப் போய், "காய்ச்சின பால் குடிக்கக் கொடுக்கோம், தப்பாச் சொல்லிட்டேன்" என்று கெஞ்சினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரே ஒரு வீட்டில்தான் என் கெஞ்சல் பலிக்கவில்லை. களை எடுக்கப் போகிற பெண் அவள். ஐந்து வயதில் அவளுக்கு ஒரு மகள், எலும்பும் தோலுமாக இருப்பாள். இந்தப் பால் வேறு யாருக்கு இல்லையென்றாலும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "பங்குனியில என் சின்னவனுக்கு நான்தான் டீச்சரம்மா ஊத்துனேன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்துவிட்டேன்.

வெளிநாட்டு அம்மா வந்தார். பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் பக்கத்தில் வாயில் பால் ஊற்றினால் சாவு என்று விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு தம்ளரை வாங்கி, எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துக் காட்டினார். விஷம் என்று பயப்படுகிறார்கள் என நினைத்துவிட்டார் போல. "பாவம், காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்காக" என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் இன்னொரு தடவை விளக்கப் பார்த்தேன். எனக்கே குழம்பிவிட்டது.

அப்போதுதான், பங்குனியில் சின்னவனைப் பறிகொடுத்த அந்தத் தாய் ஒரு பித்தளைத் தம்ளரோடு வந்தாள். "பிள்ளையை இங்கன கூட்டிட்டு வர மனசு வரல. இதுல தாங்க, வீட்டுல வச்சு என் கையால கொடுக்கேன்" என்றாள்.

வெளிநாட்டு அம்மாவிடம் சொன்னேன். முடியாது என்றார். சில இடங்களில் இந்தப் பால் டீக்கடைக்குப் போய்விட்டதாம். அந்தச் செய்தி தெரிந்தால் கொடுக்கிறவர்கள் எல்லா ஊருக்கும் பாலை நிறுத்திவிடுவார்களாம். அவர் சொன்னதில் தப்பு இல்லை. இவள் கேட்டதிலும் தப்பு இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா மலைப்பக்கம் திரும்பி, தூரத்தில் தெரிகிற அருவியின் பெயர் என்ன என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே தம்ளரை நிரப்பிவிட்டேன். அவர் தெரிந்துதான் திரும்பினாரா, நிஜமாகவே அருவியைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு தினமும் அவள் தம்ளரோடு வந்தாள். நானும் யாருக்கும் தெரியாமல் கொடுத்தேன். மூன்றாவது வாரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, மீசை வைத்த மாதிரி பாலை உதட்டில் ஒட்டிக்கொண்டு குடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பால் விஷம் என்று மக்கள் அஞ்சுகிறார்கள், அறியாமையைப் போக்க வேண்டும் என்று எங்கோ ஒரு அறிக்கை போயிருக்கிறது. மைக் செட்டோடு ஒருவர் வந்தார். "இந்தப் பாலில் விஷம் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று ஒரு மணி நேரம் பேசினார். அதுவரை ஒருவர் மனதிலும் விஷம் என்கிற நினைப்பே கிடையாது. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் வீடு வீடாக அலைந்து பார்த்தேன், பி.டி.ஓ.விடம் போய் நடந்ததைச் சொல்லியும் பார்த்தேன். மேலே முடிவாகிவிட்டது என்றார். மாதக் கடைசியில் டின்களை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல அவள் மகளோடு வந்து நின்றாள். டின்கள் இருந்த அறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். நான் சொன்னேன், ஊரில் பயப்படுகிறார்கள் என்று மேலே எழுதிவிட்டார்கள், அதனால் இனிமேல் வராது என்று. அவளுக்கு அது விளங்கவில்லை.

"எனக்குப் பயம் இல்லைன்னு எழுதுங்களேன் டீச்சரம்மா. நான் கைநாட்டு வைக்கேன்."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். காகிதம், பேனா எல்லாம் எடுத்து உட்கார்ந்தும்விட்டேன். ஆனால் பால் கொடுத்தவருக்கா, ஜீப் கொடுத்தவருக்கா, அறிக்கை எழுதியவருக்கா என்று விலாசம் தெரியாமல் அப்படியே எழுந்துவிட்டேன். அன்று அந்த ஒரு வரியை யாருக்காவது, எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கலாமே என்கிற வேதனை இத்தனை வருஷம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.