காற்று இழுக்கிறதா என்று கேட்டார்

1995-ஆம் வருடம், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் நடந்தது இது.

அப்போது கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஃபைபர் பட்டறை வைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி மூடி, மோட்டார் கவர் என்று பிழைப்பு ஓடியது. பிழைப்பைத் தாண்டி இருந்த ஒரே பைத்தியம் மோட்டார் சைக்கிள். என்னைப் போலவே பைத்தியமான நான்கு பேர் இருந்தார்கள். ஞாயிறு காலையில் அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் கூடி, டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டு எங்காவது கிளம்பிவிடுவோம்.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எங்களுக்கு வெளிநாட்டு பைக் பத்திரிகைகள் கிடைக்கும். நீண்ட தூரம் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிகளின் படங்கள் அவற்றில் இருக்கும். முன்னால் காற்றைத் தடுக்கப் பெரிய மூடி. அதைத்தான் ஃபேரிங் என்போம். சில வண்டிகளில் அதை ஹேண்டில்பாரிலேயே பொருத்தியிருப்பார்கள், ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். சிலவற்றில் வண்டியின் சேஸிஸில் பொருத்தியிருப்பார்கள், அசையாமல் நிற்கும். இரண்டில் எது நல்லது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம்.

நான் ஹேண்டில்பார் கட்சி. பார்வைக்குக் கம்பீரம், மாட்டுவதும் சுலபம் என்பேன். உண்மை வேறு. ஃபைபரில் மூடி வார்க்க என் பட்டறையில் இருந்தது அந்த ஒரு அச்சுதான்; என் வண்டிக்கும் அதில்தான் செய்து மாட்டியிருந்தேன். சேஸிஸில் மாட்டவேண்டுமென்றால் வண்டிக்கு வண்டி தனித்தனியாகக் கிளாம்ப் செய்ய வேண்டும். அதற்கு எனக்குச் சோம்பல்.

எதிர்க்கட்சியில் ஒரே ஒருவர்தான். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த நண்பர். அதிகம் பேசமாட்டார். "ஏனுங்க, குறுக்குக் காத்து அடிச்சா அந்த மூடி கப்பப் பாய் மாதிரி காத்தப் புடிச்சு ஹேண்டிலையே திருப்பிப்போடுமுங்க. சேஸிஸ்ல இருந்தா வண்டிதான் கொஞ்சம் நகரும், கை தப்பாது" என்று ஒரு நாள் நிதானமாக விளக்கினார்.

அது சரி என்று எனக்குள் ஏதோ சொல்லியது. ஆனால் நான், "நீங்க மில்லுல ஃபேன் காத்த மட்டும் பாத்தவருங்க. ரோட்டுக் காத்தப் பத்தி நாங்க சொல்றோம், கேளுங்க" என்றேன். மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே அவருடைய வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்து, என் கையாலேயே ஃபேரிங்கை மாட்டிவிட்டேன். என்னுடையது கனமான வண்டி. அவருடையது நூறு சிசி, எடை குறைவு. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிறு அமராவதி அணைக்குக் கிளம்பினோம். அவர் மனைவி அதற்கு முந்தின நாளே உடுமலையில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் அங்கேதான் என்று ஏற்பாடு.

பல்லடம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று. மரம் மறைத்த இடத்தில் ஒன்றும் தெரியாது. வெட்டவெளி வந்ததும் வலது பக்கத்திலிருந்து ஒரே தள்ளு. என் ஹேண்டில் இரண்டு மூன்று முறை என்னை மீறி ஆடியது. முழங்கை வலிக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று ஐந்தே மைலில் தெரிந்துபோனது.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் அருகில் வந்தார்.

"ஏனுங்க, உங்க வண்டி இழுக்குதுங்களா?"

மற்ற மூவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஸ்பானர் இருந்தது. நாலு போல்ட்டு. பத்து நிமிடத்தில் இரண்டு மூடிகளையும் கழற்றி அந்தக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லீங்களே. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு லாரி எங்களை முந்திப் போனது. அது மறைத்திருந்த வரைக்கும் காற்று இல்லை. லாரி விலகியதும் மொத்தக் காற்றும் ஒரேயடியாக அவர்மேல் விழுந்தது. அந்த மூடி சடாரென்று இடது பக்கம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கி, சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் மோதியது.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. இடது தோள் நசுங்கியிருந்தது. தேங்காய் ஏற்றி வந்த டெம்போக்காரர் வண்டியை நிறுத்தி, தேங்காய்களை ஒதுக்கி இடம் செய்து, அவரை உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் அவர் தலை என் மடியில்தான் இருந்தது.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, வலியில் பல்லைக் கடித்தபடி, "நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க" என்றார் நண்பர். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் மனைவி சமைத்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, வர்ற வழியில அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்க அம்மணி" என்றேன். டீக்கடையில் அவர் கேட்டதை மறைத்தேன். அன்றைக்கு இரண்டாவது பொய் அது.

தோளில் நரம்பு அறுந்துவிட்டது. கோவைக்குக் கொண்டுவந்து இரண்டு ஆபரேஷன் செய்தும் கை வரவில்லை. உடம்போடு ஒட்டித் தொங்கியது, அவ்வளவுதான். ஒரு கை இல்லாத ஃபிட்டர் மில்லுக்கு எதற்கு? கேட்டில் வருகிற போகிற வண்டிகளை எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். எந்தச் சத்தத்தைக் கேட்டும் மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடும் மனிதர், நோட்டோடு கேட்டில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகவே கலைந்துபோனது.

ஏழெட்டு மாதம் கழித்து, தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போயிருந்த நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். என் வண்டியும் இழுத்தது, தெரிந்தேதான் இல்லை என்றேன் என்று சொல்லி அழுதேன்.

அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியுமுங்க. டீக்கடை வர்ற வரைக்கும் உங்க பின்னாலதான வந்தேன்? ஹேண்டில் ஆடுனதப் பாத்தேன்."

"அப்புறம் ஏனுங்க கேட்டீங்க?"

"நீங்களே சொல்லீட்டீங்கன்னா ரெண்டு பேரும் கழட்டிப்போட்டுப் போயிரலாம்னுதான். நீங்க இல்லைன்னதும், நாலு பேத்து முன்னால உங்களப் பொய்க்காரனாக்க மனசு வரலீங்க. மெதுவா ஓட்டுனாப் போதும்னு நெனச்சுப்போட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிளம்பும்போது அவரே வாசல் வரை வந்தார்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அப்புறம் நீங்க எங்கூட்டுக்கு வரமுடியாமப் போயிருமுங்க."

நான் சொல்லவில்லை. இன்றும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்த அம்மா என்னை அண்ணா என்றே கூப்பிட்டு, சாப்பிடாமல் அனுப்புவதில்லை. நண்பருக்குக் கொடுத்த வார்த்தையைத்தான் காப்பாற்றுகிறேனா, இல்லை அன்று நாலு பேர் முன்னால் ஆரம்பித்த பொய்யையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேனா என்று அந்த வீட்டில் கை கழுவிவிட்டு எழும் ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.